நிறுத்தும்போது தாழும் சீட்

மழை விட்ட காலையில் செஸ்நட் காட்டுப் பாதையில் சைக்கிள் மிதித்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். மற்றவர்கள் என்னை நம்பிக்கொள்ளுங்கள். மண்ணிலிருந்து ஈரம் புகைபோல எழும்பும். சக்கரம் தரையில் ஓடுகிறதா அந்தப் புகைமேல் ஓடுகிறதா என்று சொல்லமுடியாது. சீட் சரியான உயரத்தில் இருந்தால் கால் மிதிப்பதே மறந்துபோகும். மரங்கள்தான் நம்மைக் கடந்து போகின்றன, நாம் அப்படியே காற்றில் உட்கார்ந்திருக்கிறோம் என்று தோன்றும். அரைத் தூக்கத்தில் வருகிற சுகம் அது.

எல்லாம் அந்த உயரத்தில்தான் இருக்கிறது. சீட்டைத் தாங்குவது ஒரு குழாய். சைக்கிள் சட்டத்துக்குள் சொருகி இறுக்கியிருப்பார்கள். கடையில் அதற்குப் பெயர் சீட் போஸ்ட். குழாய் என்று வந்துவிட்டால் எனக்கு யாரும் பாடம் எடுக்க முடியாது. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். இந்த ஊருக்கு வந்து சாரம் கட்டும் கூலியாளாக ஏறி, சாரம் கட்டும் கம்பெனிக்கே முதலாளியாக இறங்கியவன். இன்று நீங்கள் அண்ணாந்து பார்க்கிற பல கட்டடங்கள் முதலில் என் குழாய்களுக்குள்தான் நின்றன. கட்டடம் எழும்பியதும் சாரத்தைப் பிரித்துக்கொண்டு போய்விடுவோம். எங்கள் பெயர் எந்தச் சுவரிலும் இருக்காது. அதனால்தான் நானே சொல்லிக்கொள்கிறேன்.

கம்பெனியை மகனிடம் கொடுத்தபிறகு, இனிமேல் பூங்காவில் கைவீசி நடங்கள் என்றார்கள். நான் மவுண்டன் பைக் வாங்கினேன். எங்கள் வீடு புக்கிட் பாஞ்சாங்கில். காடு பின்வாசல் மாதிரி. என் வயதில் அந்தக் காட்டு மேட்டைச் சைக்கிளிலிருந்து இறங்காமல் ஏறுகிறவர் வேறு ஒருவரும் இல்லை. இருந்தால் வந்து சொல்லட்டும்.

பிறகு இடுப்பு மூட்டு தேய்ந்துபோனது. சாரத்தில் ஏறி இறங்கிய உடம்பு, தேயாமல் இருக்குமா? அறுவை சிகிச்சை செய்து புது மூட்டு வைத்தார்கள். மயக்க மருந்து இறங்கியபோது நான் சைக்கிளில் இருந்தேன். அது கனவு என்கிறாள் என் மனைவி. தூண்கள்மேல் எல்ஆர்டி ரயில் போகிற உயரத்தில், அடுக்குமாடி புளோக்குகளுக்கு நடுவே மிதித்துக்கொண்டிருந்தேன். சன்னல்களிலிருந்து நீட்டிய கழிகளில் துணிகள் காய்ந்தன. ஈரச் சட்டைகளின் கைகள் முகத்தில் தடவித் தடவிப் போயின. சீட் மெல்ல மெல்ல உயர்ந்துகொண்டே போனது. கீழே ஒரு சத்தமும் இல்லை. கண் விழித்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, சைக்கிள் எங்கே என்பது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் போர்வையின் நுனியை மடித்தாள். அந்த மடிப்பிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

டாக்டர் ஓட்டலாம் என்றுதான் சொன்னார். காலைத் தூக்கிப்போட்டு ஏறக்கூடாது. நிறுத்தும்போது ஒற்றைக் கால் நுனியில் எம்பி நிற்கக்கூடாது. விழவே கூடாது. இவ்வளவுதான் நிபந்தனை. என் மனைவி இந்த ஊரில் பிறந்தவள், பாலர் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். ஒருவர் சொன்னதை அப்படியே விட்டுவிடுகிறவள் அல்ல. நான் நன்றாக நடக்கத் தொடங்கிய பிறகு, சைக்கிளைக் கீழே, புளோக்குக்கு அடியில் தூண்கள் மட்டும் நிற்கிற வாய்ட் டெக்குக்கு உருட்டிவரச் சொன்னாள். தூணைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். தூணை விடச் சொன்னாள். விட்டேன். கால்விரல் நுனி மட்டும் சிமெண்டைத் தொட்டது. சைக்கிள் ஒரு பக்கமாகச் சாய, அவள் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டாள்.

“இங்க பாருங்க, நீங்க நிக்கல. சைக்கிள் மேல தொங்கிக்கிட்டு இருக்கீங்க,” என்றாள். “நிறுத்துனா ரெண்டு பாதமும் தரையில முழுசா படணும். பட்டா போங்க. படலன்னா இதை நான் வித்துடுவேன் லா.”

அவள் விற்பேன் என்றால் விற்றுவிடுவாள். சோபாவை அப்படித்தான் விற்றாள்.

சீட்டை இறக்கிவிட்டால் போயிற்று என்று நினைப்பீர்கள். நானும் இறக்கிப் பார்த்தேன். பாதம் படிந்தது. ஆனால் மிதித்தபோது முழங்கால் தாடையை நோக்கி வந்தது. தரையில் துருவுமணைமேல் உட்கார்ந்து தேங்காய் துருவுகிற மாதிரி இருந்தது. புது மூட்டு அதன் வலியைச் சொன்னது. அந்த உயரத்தில் காட்டு மேட்டில் ஒரு சுற்றுகூட மிதிக்க முடியாது. ஓடும்போது உயரம் வேண்டும், நிற்கும்போது தாழ வேண்டும். பழைய பட்டறையில் ஒரு ஜாக்கியும் திருகும் வைத்து நானே செய்துவிடலாம் என்று படம் போட்டேன். செய்திருப்பேன். கடையில் ஏதாவது இருக்கிறதா என்று முதலில் பார்ப்போமே என்று தோன்றியது.

பழைய சீட் போஸ்ட்டை உருவி, நாளிதழில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எம்ஆர்டி ரயில் ஏறினேன். லிட்டில் இந்தியா நிலையத்தில் இறங்கி, மல்லிகைச் சரக்காரர்களையும் காய்கறித் தட்டுகளையும் கடந்து, ஜாலான் புசார் பக்கம் ஒரு சந்துக்குள் நுழைந்தால் அந்தக் கடை. முதலாளி ஒரு பாய். அவருடைய அப்பா நாகூர்ப் பக்கத்திலிருந்து வந்து கடை வைத்தவர். இவர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர். கூரையிலிருந்து சக்கரங்கள் வரிசையாகத் தொங்கும். மின்விசிறிக் காற்றில் அவை தாமாகவே மெல்லச் சுற்றும். பார்த்துக்கொண்டே இருந்தால் வந்த வேலை மறந்துவிடும்.

“அண்ணே, இடுப்பு மாத்துனதா கேள்விப்பட்டேன். இப்ப சீட் போஸ்ட்டும் மாத்தணுமா?” என்றார் பாய்.

“உள்ள இருக்கிற இரும்பு நல்ல இரும்பு பாய். வெளிய இருக்கிறதுதான் சரியில்ல.”

குழாயின் சுற்றளவை விரல்களால் வளைத்துப் பார்த்து நானே அளவைச் சொன்னேன். பாய் நம்பாமல் அளவுகருவியை வைத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். இப்படி எத்தனையோ பேரைத் தலையாட்ட வைத்திருக்கிறேன்.

முதலில் ஒரு கார்பன் போஸ்ட் காட்டினார். கறுப்பு, மினுமினுப்பு, கையில் எடை தெரியவில்லை. அழகுதான், ஆனால் தாழாது. அடுத்தது உள்ளே ஸ்பிரிங் வைத்தது. மேடுபள்ளத்தில் இடுப்புக்கு இதமாக இருக்கும் என்றார். அமுக்கிப் பார்த்தேன். மெத்தை போல ஒரு விரல் இறங்கிவிட்டுத் திரும்பிவிட்டது. மூன்றாவதை அவர் சுவரிலிருந்து எடுக்கவில்லை. கடை வாசலில் நின்ற ஒரு சைக்கிளில் அது ஏற்கெனவே மாட்டியிருந்தது. அதில் என்னை உட்காரச் சொல்லி, முன்சக்கரத்தைத் தன் முழங்கால்களுக்கு நடுவே பிடித்துக்கொண்டார். ஹேண்டில்பாரின் இடதுபுறம், கட்டைவிரலுக்கு நேராக ஒரு சின்ன லீவர் இருந்தது.

“உக்காந்தபடியே அமுக்குங்க.”

அமுக்கினேன். சீட் என்னை ஏந்திக்கொண்டே கீழே இறங்கியது.

அதை எப்படிச் சொல்வது? உயரமான கட்டடங்களின் வெளிச்சுவரில் கோண்டோலாவில் நின்று வேலை செய்திருக்கிறேன். வேலை முடிகிற நேரத்தில், ஒருவரும் பேசாமல், கம்பிவடத்தில் அந்தத் தொட்டி இறங்கும். கடல் பக்கம் வானம் செம்மஞ்சளாகும். கண்ணாடிச் சன்னல்களுக்குள் ஆட்கள் விளக்குப் போடுவார்கள். ஒவ்வொரு மாடியாக நாம் அவர்களைத் தாண்டி இறங்குவோம். அவர்கள் நம்மைப் பார்க்கமாட்டார்கள். தரை மெதுவாக நம்மைத் தேடி வரும். அந்தச் சந்தில் அந்தச் சீட்டில் இறங்கியபோது எனக்கு அதுதான் வந்தது. கண்ணைத் திறந்தபோது இரண்டு பாதமும் சிமெண்டில் படிந்திருந்தன. எழுந்து பாதி நின்று மறுபடி அமுக்கியதும் சீட் என்னைத் தேடி மேலே வந்தது.

“இதைச் செஞ்சவன் சாரத்துல நின்னவனா இருப்பான்,” என்றேன்.

“டிராப்பர் போஸ்ட் அண்ணே. சின்னப் பசங்க எறக்கத்துல குதிக்கிறதுக்கு வாங்குறது. நீங்கதான் மொதல் ஆள், நிக்கிறதுக்கு வாங்குறீங்க.”

இறங்குகிற அளவைப் பொறுத்து அதில் மூன்று நீளம் இருந்தது. நான் மிக நீளமானதைக் காட்டினேன். என் கைபேசியில் சைக்கிளின் படத்தைப் பார்த்துவிட்டுப் பாய் வேண்டாம் என்றார். என் சைக்கிள் சட்டத்தில் போஸ்ட்டைச் சொருகுகிற குழாய் நடுவில் வளைந்திருக்கிறதாம். நீளமானது பாதியில் முட்டி நின்றுவிடும். மிச்சம் வெளியில் நீட்டிக்கொண்டிருக்கும். அதனால் முழுக்கத் தாழ்த்தினாலும் சீட் உயரத்தில்தான் நிற்கும். குட்டை போஸ்ட்டோ போதுமான அளவு இறங்காது. நடுவளவுதான் பாதத்தைத் தரைக்குக் கொண்டுவரும் என்றார். நான் வாழ்க்கையில் நடுவளவு என்று எதையும் வாங்கியதில்லை. டிவி, குளிர்பெட்டி, மகள் கல்யாணத்துக்குப் போட்ட சாப்பாடு, எதுவானாலும் பெரியதுதான். கொஞ்சநேரம் அந்த நீளமானதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பிறகு வாய்ட் டெக்கில் ஹேண்டில்பாரைப் பிடித்த அவள் கை ஞாபகம் வந்தது. நடுவளவையே எடுத்துவைக்கச் சொன்னேன்.

அந்த வார இறுதியில் சைக்கிளைக் கம்பெனி லாரியில் ஏற்றிக்கொண்டு நானும் மனைவியும் கடைக்கு வந்தோம். அவள் பூ வாங்கப் போயிருந்த நேரத்தில் பாய் புது போஸ்ட்டை மாட்டி, கேபிள் இழுத்து, லீவரைப் பொருத்திக் கொடுத்தார். மேலே எழும்பி நின்ற அந்தக் குழாய் கண்ணாடி போலப் பளபளத்தது. அதை எடுத்துக்கொண்டு நேராக வீட்டுக்குப் போக என்னால் முடியாது. என் முதல் லாரியிலிருந்து பேரனின் மூன்று சக்கர சைக்கிள்வரை, பூசை போடாமல் எந்த வண்டியும் என் கையில் ஓடியதில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சிராங்கூன் சாலைக் கோயிலுக்கு நடந்தோம். பூசை முடிந்து எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றுவேன் அல்லவா, அப்போது நிறுத்திக் காட்டச் சொன்னாள் அவள். அதுதான் பரீட்சை.

ஐயர் சந்தனக் கிண்ணத்தோடு வந்து சைக்கிளைச் சுற்றிப் பார்த்தார். எது புதுசு என்று கேட்டார். மற்றதெல்லாம் பழசு, இந்தக் குழாய் மட்டும்தான் புதுசு என்றேன். சரி என்று குழாயிலேயே பட்டையாக விபூதி பூசினார், நடுவில் சந்தனம் அப்பினார், அதன்மேல் குங்குமம் வைத்தார். நல்ல மனசுள்ள ஐயர், கஞ்சத்தனம் பார்க்கவில்லை. நானும் பின்பக்கம் கொஞ்சம் விட்டுப்போச்சு சாமி என்று காட்டினேன். ஹேண்டில்பாரில் மாலை போட்டார். கற்பூரம் காட்டினார். அந்தப் புகைக்குள் சைக்கிள் தரையைத் தொடாமல் நிற்பதுபோல இருந்தது.

மாலைக்குள் கைவிட்டு லீவரைத் தேடி அமுக்கி, சீட்டைக் கையால் கீழே தள்ளினேன். இறங்கியது. காலைத் தூக்கிப்போடாமல் சுலபமாக ஏறினேன். மேலே எழும்பட்டும் என்று பாதி எழுந்து நின்று மறுபடி அமுக்கினேன். எழும்பவில்லை. இன்னொரு முறை அமுக்கினேன். உள்ளே சந்தனமும் விபூதியும் போய்ச் சாந்தாக அடைத்துக்கொண்டது என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. சாரத்தைத் தாங்கும் ஜாக்கித் திருகில் சிமெண்ட் பட்டால் கூலியாட்களை அந்த வெயிலிலேயே நிற்கவைத்துத் திட்டுகிறவன் நான்.

ஐயர் காத்திருந்தார். அப்படியே தாழ்ந்த சீட்டில் இருந்தபடி சைக்கிளை உருட்டினேன். எலுமிச்சம்பழம் சக்கரத்தின் கீழ் நசுங்கியது. நிறுத்தினேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் பாதங்களைப் பார்த்தாள். குதிகாலிலிருந்து விரல்வரை தரையில் படிந்திருந்தன.

“சரி,” என்றாள். “போங்க.”

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு அவள் முகம் அவ்வளவு இலேசாக இருந்து நான் பார்க்கவில்லை. இத்தனை நாளாக நான் விரும்பிய வார்த்தை அது. வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். பிறகு யாருக்கும் தெரியாமல் அதைத் துடைத்துச் சரிசெய்துகொண்டிருக்கலாம். ஆனால் அவள் சரி என்றது இந்தத் தாழ்ந்த சீட்டுக்கு. ஓட்டும்போது அது மறுபடி மேலே எழும்பும் என்று அவளுக்குத் தெரியாது. சாரத்தில் ஒரு பிடி தளர்ந்திருந்தால் மேலே நிற்கிறவனிடம் சொல்லாமல் நான் ஒருநாளும் கீழே இறங்கியதில்லை. அதனால்தான் என் கம்பெனி நிலைத்தது.

“இது இப்படியே இருக்காது,” என்றேன். “ஓட்டுறப்ப மேல எழும்பும். இப்ப சந்தனம் அடைச்சுக்கிச்சு.”

“எவ்வளவு மேல?”

“பழைய உயரம்.”

 அவள் கூந்தலில் இருந்த பூவைச் சரிசெய்துகொண்டு கடைப் பக்கம் நடந்தாள். நான் மாலை போட்ட சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னால் போனேன்.

பாய் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“அண்ணே, யாரு இதுக்குப் பொட்டு வச்சது?”

“என் மொதல் லாரிக்கும் வச்சேன். ஓடுச்சே.”

“லாரிக்கு வெளிய வச்சீங்க. இதுக்கு இஞ்சினுக்குள்ள வச்சிருக்கீங்களே லா. அண்ணி, நீங்களாவது சொல்லக்கூடாதா?”

வாயைப் பொத்திக்கொண்டு அவள் சிரித்தாள். பாய் குழாயின் கழுத்தில் இருந்த வளையத்தைத் திருகிக் கழற்றினார். துணியை வாங்கிக் குழாயை நானே துடைத்தேன். இன்னொரு ஆள் துடைத்தால் எனக்குத் திருப்தி வராது. எண்ணெய் போட்டதும் சந்தன வாசமும் எந்திர எண்ணெய் வாசமும் ஒன்றாகக் கலந்து கடை முழுக்கப் பரவியது. மேலே சக்கரங்கள் சுற்றிக்கொண்டிருந்தன. எங்கே இருக்கிறோம், கோயிலிலா பட்டறையிலா என்று ஒரு நிமிஷம் எனக்கே தெரியவில்லை. பாய் லீவரை அமுக்கினார். சீட் டொக்கென்று மேலே வந்து நின்றது.

அவள் சிரிப்பு நின்றது. கிட்டே வந்தாள். சீட்டின்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தி, இன்னொரு கையால் லீவரை அமுக்கினாள். தாழ்ந்தது. விட்டாள். மறுபடி அமுக்கினாள். கையைத் தூக்கிக்கொண்டு எழும்பியது. இப்படியே ரொம்பநேரம். தூங்கும் குழந்தையின் வயிறு ஏறி இறங்குவதைப் பார்க்கிறவள்போல அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாய் எங்களை விட்டுவிட்டு வேறொரு சைக்கிளுக்குக் காற்றடிக்கப் போனார்.

“நிக்கிறதுக்கு முன்னாடி இதை அமுக்கணும்,” என்றாள்.

“ஆமா.”

“மறந்துட்டா?”

“நான் மறக்கற ஆளா?”

“காலையில மாத்திரை சாப்பிட்டீங்களா?”

சாப்பிடவில்லை.

சைக்கிளை விற்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் அப்படிச் செய்யவில்லை. போங்க என்று சொன்ன வார்த்தையைத் திரும்ப எடுக்கவும் இல்லை, மறுபடி சொல்லவும் இல்லை. மறுநாள் மாலை என்னையும் சைக்கிளையும் எங்கள் கார் நிறுத்தக் கட்டடத்தின் மேல்மாடிக்கு அழைத்துப்போனாள். அங்கே கார்கள் அதிகம் ஏறுவதில்லை. திறந்த வானம், மங்கிய வெள்ளைக் கோடுகள், ஓரத்தில் அவள் மட்டும். என்னைச் சுற்றிவரச் சொன்னாள். ஏதோ ஒரு நொடியில், முன்கூட்டிச் சொல்லாமல், பாலர் பள்ளிக் குழந்தைகளை அப்படியே சிலையாக நிற்கவைத்த அதே குரலில் சொன்னாள்.

“நில்லுங்க.”

நான் பிரேக்கைப் பிடித்தேன். லீவரை மறந்தேன். கால்விரல் நுனியில் தொங்கினேன். அவள் ஓடிவந்து பிடித்தாள். ஏசவில்லை. மறுபடி சுற்றச் சொன்னாள். அதுதான் எனக்கு வலித்தது.

அதன்பிறகு மாலைகளெல்லாம் அப்படியே போயின. எங்கள் கண்மட்டத்தில் எல்ஆர்டி ரயில் விளக்கு எரிந்தபடி மிதந்துபோகும். காட்டின்மேல் வெளிச்சம் வடியும். நான் சுற்றிச் சுற்றி வருவேன். அவள் வேறெங்கோ பார்ப்பதுபோல நிற்பாள். நில்லுங்க. கட்டைவிரல் அமுங்கும், சீட் தாழும், பாதம் படியும். சில நாள் அவள் கூப்பிடவே இல்லை. அந்த நாள்களில் நான் இருட்டும்வரை அந்தக் கோடுகளின்மேல் காத்துக்கொண்டே மிதந்தேன். போகப்போக விரல் என்னைக் கேட்பதை விட்டுவிட்டது. லிஃப்ட் நிற்கும்போது அமுங்கியது. பஸ் நிற்கும்போது அமுங்கியது. தூக்கத்தில்கூட என் விரல் அசைகிறது என்றாள் அவள். புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ள இந்த வயதில் இந்த உடம்புக்கு எவ்வளவு வேகம் பாருங்கள்.

ஒருநாள் அவள் மாடிக்கு வரவில்லை. காலையில் மழை பெய்து விட்டிருந்தது. தண்ணீர்ப் புட்டியை நிரப்பிக் கையில் கொடுத்தாள். காட்டுக்குப் போய்வாருங்கள் என்று சொல்லவில்லை. போனை எடுத்துக்கொண்டீர்களா என்று மட்டும் கேட்டாள்.

செஸ்நட் பாதை நான் விட்டுப்போன மாதிரியே இருந்தது. ஈரம் எழும்பிக்கொண்டிருந்தது. சீட் பழைய உயரத்தில் என்னை ஏந்திக்கொண்டது. மரங்கள் கடந்துபோயின. எவ்வளவு தூரம் போனேன் என்று தெரியாது. பாதை இரண்டாகப் பிரிகிற இடத்தில் ஒரு குரங்கு நடுவழியில் உட்கார்ந்து தன் குட்டிக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தது. நான் யோசிக்கவே இல்லை. தாழ்ந்தேன். இரண்டு பாதமும் ஈர மண்ணில் முழுசாகப் படிந்தன. செருப்பின் விளிம்பில் சேறு மெல்ல ஏறியது. குரங்கு என்னைப் பார்த்துவிட்டுத் தன் வேலையைத் தொடர்ந்தது. எனக்கும் அவசரம் ஒன்றுமில்லை.

சட்டைப்பையில் போன் அடித்தது.

“எங்க இருக்கீங்க?”

“வழியில குரங்கு. நின்னுக்கிட்டு இருக்கேன்.”

“கால்?”

“படுது.”

“ரெண்டுமா?”

குனிந்து பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.

“ரெண்டும்.”

 அந்தப் பக்கம் குழாய் திறந்து பாத்திரம் கழுவும் ஒலி கேட்டது.

“சரி, அது போனதும் போங்க,” என்றாள். “மெதுவா வாங்க.”